பழைய இயந்திரத்தின் உறுப்பிலக்கணம்



மொழி மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் மகிழுந்து இயந்திரத்துக்கு என்ன இடம் என்று சிலர் எண்ணக்கூடும். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: அறுபது, எழுபது ஆண்டு பழைய மகிழுந்தின் இயந்திர உறுப்புகளை இன்னது இன்னது என்று எவ்வாறு இனங்காண்பது? இக்கேள்வியில் மொழியியலாளனுக்கும் பங்குண்டு என்பதே நம் கருத்து. உறுப்பை இனங்காண்பவர் முதலில் எழுத்தைப் படிக்கிறார், பின் வடிவை ஒப்பிடுகிறார், பிறகு அளந்து பார்க்கிறார், இறுதியில் பெயரிடுகிறார். சொல்லாராய்ச்சியில் நாம் செய்வதும் ஏறத்தாழ இதுவே. இவற்றுள் கடைசிப் பணியாகிய பெயரிடுதலில் தமிழ் இன்று தடுமாறி நிற்கிறது. அத்தடுமாற்றம் நம் மாணவர்களின் தொழிற்கல்வியைத் தொடுவதால்தான் இதனை இம்மேடைக்குக் கொணர்ந்தோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு வண்டியைக் கொள்வோம். மோரிஸ் மைனர் என்பது அதன் பெயர். ஜொகூர் பாருவிலும் குளுவாங்கிலும் மூவாரிலும் வளர்ந்த முதியோருக்கு அதனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியாளர் வடிவமைத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டு இலண்டன் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1924ஆம் ஆண்டு முறையாகத் திறக்கப்பட்ட ஜொகூர்ப் பாலம் சிங்கப்பூரையும் இம்மாநிலத்தையும் தரைவழியாக இணைத்திருந்தமையால், வண்டிகளுக்கும் அவற்றின் உதிரி உறுப்புகளுக்கும் அப்பாலமே இயல்பான வாயிலாக இருந்தது. ஆசிரியர்களும் மருத்துவ உதவியாளர்களும் தோட்ட அலுவலர்களும் இவ்வண்டியை ஓட்டினர். தோட்டத்து ரப்பர் ஆலைகளில் இயந்திரம் பார்த்துப் பழகிய தமிழர் பலர் இவ்வண்டியையும் பழுது பார்த்தனர்.

வெளித்தோற்றத்தில் பெரிய மாறுதல் இல்லாத இவ்வண்டிக்குள் நான்கு வேறு இயந்திரங்கள் இருந்தன. முதலில் வந்தது 918 கன சென்டிமீட்டர் கொள்ளளவுடையது; அதன் வால்வுகள் உருளைகளின் பக்கவாட்டில் அமைந்தவை. 1952இல் மோரிஸ் நிறுவனத்தின் தாய்க் குழுமமும் ஆஸ்டின் நிறுவனமும் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின. அதன்பின் ஆஸ்டினின் ‘ஏ வரிசை’ இயந்திரம் மோரிஸ் வண்டிக்குள் புகுந்தது. அதன் கொள்ளளவு முதலில் 803, 1956இல் 948, 1962இல் 1098. ஆகவே ‘மோரிஸ் மைனர் இயந்திரத்துக்கு ஓர் உறுப்பு வேண்டும்’ என்று கடையில் கேட்பது, ‘தமிழில் ஒரு சொல்லுக்குப் பொருள் வேண்டும்’ என்று கேட்பது போன்றது. எந்தச் சொல், எக்காலத்தது என்று தெரிந்தால்தான் விடை கிடைக்கும்.

இனி எழுத்துக்கு வருவோம். ஏ வரிசை இயந்திரத்தின் வலப்புறத்தில், டைனமோவைத் தாங்கும் பகுதிக்கு மேலே, எண் பொறித்த சிறு தகடு இருக்கும். 948 இயந்திரமாயின் அதில் ‘9எம்-யூ-எச்’ என்று தொடங்கி, பின் வரிசை எண் வரும். அறியாதவர்க்கு இது வெறும் எண்; அறிந்தவர்க்கு இது பகுபதம். ‘9’ என்பது கொள்ளளவைக் குறிக்கும். ‘எம்’ என்பது மோரிஸ் மைனர் வண்டியை. ‘யூ’ என்பது பல்லிணை மாற்றும் கோல் நடுவில் அமைந்திருப்பதை. ‘எச்’ என்பது உயர் அமுக்க விகிதத்தை. அவ்விடத்தில் ‘எல்’ இருப்பின் அது தாழ் அமுக்கம்.

பவணந்தி முனிவர் நன்னூலில் பகுபத உறுப்புகள் ஆறு என்றார். ‘நடந்தனன்’ என்னும் சொல்லை வகுப்பில் பிரித்துக் காட்டும்போது, ‘அன்’ என்னும் வடிவம் இருமுறை வருவதை மாணவர்க்குச் சுட்டுகிறோம். முன்னது சாரியை, பின்னது விகுதி. ஒலி ஒன்றே, நிற்கும் இடம் வேறு, ஆதலால் தொழிலும் வேறு. இயந்திரக் குறியீட்டிலும் இதே விதி உண்டு. இயந்திரத் தகட்டின் ‘எச்’ அமுக்கத்தைச் சுட்டுகிறது. அதே வண்டியின் கார்ப்பரேட்டரில் வரும் ‘எச்’ அக்கருவியின் வகையைச் சுட்டுகிறது. எழுத்தை அறிந்தால் மட்டும் போதாது. அது எங்கே நிற்கிறது என்பதையும் அறிய வேண்டும். இலக்கணம் படித்த மாணவருக்கு இவ்வறிவு புதிதன்று. அதனைப் பட்டறைக்குக் கொண்டுசெல்லலாம் என்று எவரும் அவரிடம் சொல்லவில்லை, அவ்வளவே.

ஆயினும் எழுத்தை மட்டும் நம்புதல் ஆகாது. அத்தகடு ஆணி அறைந்து பொருத்தப்பட்டது. ஓரியந்திரத்திலிருந்து எடுத்து மற்றொன்றில் பொருத்தக் கூடியது. ஏட்டின் முகப்பில் ஒரு நூற்பெயரும் உள்ளே வேறு நூலும் இருக்கக் கண்டவர் சுவடிப் பதிப்பாசிரியர். அவர் முகப்பைப் படித்தபின் உள்ளேயும் படிப்பார். இங்கும் அப்படியே. வால்வுகளுக்கு மேலுள்ள மூடியைக் கழற்றினால், உருளைத் தலையில் வார்ப்பிலேயே புடைத்து எழுந்த எண்ணைக் காணலாம். அங்கே ‘12ஜி295’ என்று இருப்பின், அத்தலை எம்.ஜி. 1100 அல்லது மினி கூப்பர் 998 வண்டிக்கு உரியது. கூடுதல் ஆற்றல் வேண்டி எவரோ ஒருவர் மாற்றியிருக்கிறார் என்று பொருள். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். வார்ப்பு எண் வேறு, உறுப்பு எண் வேறு. ஒரே வார்ப்பைக் கடைந்தும் துளையிட்டும் வெவ்வேறு உறுப்புகளாக முடிப்பதுண்டு. வேர்ச்சொல் ஒன்றாயிருந்து பிறந்த சொற்கள் பலவாவது போன்றதே இது. வார்ப்பு எண்ணைச் சொல்லி உதிரி உறுப்பு கேட்பவர், பொருந்தாத ஒன்றை விலை கொடுத்து வாங்க நேரும்.

எழுத்தும் வடிவும் ஐயம் தரும்போது அளவு நடுவராகிறது. 948 இயந்திரத்தின் உருளை விட்டம் 62.9 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவு 76.2 மில்லிமீட்டர். 1098 இயந்திரத்தில் அவை முறையே ஏறத்தாழ 64.6, 83.7. விட்டத்தின் வர்க்கத்தை 0.7854ஆல் பெருக்கி, வரும் விடையைச் செல்தொலைவால் பெருக்கி, உருளைகள் நான்கு ஆதலால் நான்கால் பெருக்கினால் கொள்ளளவு கிடைக்கும். கணித ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் செய்து காட்டலாம். தேய்ந்த உருளையைக் கடைந்து அகலமாக்கி, பெரிய பிஸ்டன் இட்டிருந்தால், பிஸ்டனின் தலையில் ‘020’ போன்ற குறி இருக்கும். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அதாவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கூடுதல் என்பது அதன் பொருள். அவ்வியந்திரம் ஒருமுறையேனும் திறக்கப்பட்டு மறுவாழ்வு பெற்றது என்பதையும் அக்குறி சொல்லிவிடுகிறது.

அளவைப் பற்றிப் பேசும்போது நம் கைவினைஞரின் சொல் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். தச்சரும் கொல்லரும் அங்குலத்தை எட்டாகப் பகுத்து, ஒரு பகுதியை ‘நூல்’ என்பர். தமிழ்நாட்டு இரும்புக் கடைகளில் ‘நாலு நூல் போல்ட்’ என்று கேட்டால் அரை அங்குலப் போல்ட்டு வரும். இப்போது அந்த வண்டியின் கார்ப்பரேட்டரைப் பாருங்கள். எஸ்.யூ. நிறுவனம் செய்த அக்கருவிகளுக்கு எச்1, எச்.எஸ்.2, எச்.எஸ்.4 எனப் பெயர். இறுதியில் நிற்கும் எண், துளையின் அகலம் ஓர் அங்குலத்துக்கு மேல் எத்தனை எட்டில் ஒரு பங்கு என்பதைக் காட்டுகிறது. எச்.எஸ்.2 என்றால் ஓரங்குலம் இரண்டு நூல், எச்.எஸ்.4 என்றால் ஓரங்குலம் நான்கு நூல். ஆங்கிலத்தில் ஒன்றேகால், ஒன்றரை என்று பின்னமாக்கி விளக்க வேண்டியதை, ‘நூல்’ அறிந்த தமிழ்க் கைவினைஞர் குறியீட்டைப் பார்த்த அளவிலேயே படித்துவிடலாம். நம் கலைச்சொல் தொகுப்புகளில் ‘நூல்’ என்னும் இவ்வளவைச் சொல் எத்தனை இடத்தில் காணப்படுகிறது என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

அடுத்துத் திருகாணியும் மரையும். பழைய வண்டியில் மிகுதியான சேதம் விளைவது இங்கேதான். ஜோசப் விட்வொர்த் என்னும் ஆங்கிலேயர் 1841இல் திருகுப் புரிகளுக்குப் பொது அளவு ஒன்றை முன்மொழிந்தார். அதில் புரியின் கோணம் 55 பாகை. அமெரிக்க முறையிலோ 60 பாகை. இரண்டாம் உலகப் போரில் நேச நாடுகள் ஒன்றன் கருவியை மற்றொன்று பழுது பார்க்க இயலாமல் இடர்ப்பட்டன. அதன் விளைவாக 1948 நவம்பரில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய மூன்றும் ஒருங்கிணைந்த புரி அளவுக்கு உடன்பட்டன. ஆகவே 1950களின் பிரிட்டிஷ் வண்டிகள் இரு முறைகளுக்கும் இடைப்பட்ட காலத்தவை. கால் அங்குலத் திருகாணியில் பழைய பிரிட்டிஷ் நுண்புரி அங்குலத்துக்கு 26. ஒருங்கிணைந்த நுண்புரி 28. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒன்றை மற்றொன்றில் செலுத்தினால் முதற்சுற்று ஏறும், பிறகு இறுகும், வலிந்து திருகினால் மரை அழியும். புதிய அளவைச் சேர்ந்த ஆணிகளின் தலையில் தொடர் வளையங்களோ வட்டக் குழியோ குறியாக இடப்பட்டிருப்பதுண்டு. அக்குறியைத் தேடிப் பார்த்தபின் கருவியை எடுப்பது நல்ல பணியாளரின் இலக்கணம்.

இதனினும் வியப்பான ஒன்று எம்.ஜி. நிறுவனத்தின் டி.சி., டி.டி. வண்டிகளில் உண்டு. அவற்றின் 1250 கன சென்டிமீட்டர் இயந்திரத்தில் புரி மெட்ரிக் அளவு. ஆணித்தலையோ விட்வொர்த் சாவிக்கு உரியது. காரணம் வரலாற்றில் இருக்கிறது. கோவென்ட்ரி நகரில் இருந்த அவ்வியந்திர ஆலை முன்பு ஹாட்ச்கிஸ் என்னும் பிரெஞ்சு நிறுவனத்துக்கு உரியது. 1923இல் மோரிஸ் அதனை வாங்கினார். பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற எந்திரங்கள் மெட்ரிக் புரியைக் கடைந்தன. ஆங்கிலேயரின் கைச்சாவிகள் ஆங்கில அளவில் இருந்தன. பிறமொழி அடிச்சொல் தமிழ் விகுதி ஏற்று வழங்குவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். உலோகத்திலும் அது நிகழ்ந்திருக்கிறது.

தொல்காப்பியர் செய்யுட் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். பழைய இயந்திரம் ஒன்றைக் கழற்றிப் பரப்பி வைத்தால் அதன் உறுப்புகளையும் ஏறக்குறைய இவ்வாறே வகுக்கலாம். ஆலையிலிருந்து வந்தபடி இருப்பவை சில. கடைந்தும் பற்றவைத்தும் திரிந்தவை சில. வேறு நிலத்தில் செய்யப்பட்டு வந்தவை சில. இலங்கையில் 1990களில் மோரிஸ் மைனர் உறுப்புகளைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பினர் என்பது இங்கே நினைக்கத் தக்கது. முற்றிலும் வேற்றினத்தைச் சேர்ந்தவை சில. ஜப்பானிய டாட்சன் இயந்திரத்தை மோரிஸ் மைனரில் பொருத்துவது பல நாடுகளிலும் நிகழ்ந்ததே. நிசான் நிறுவனமும் தன் இயந்திரம் ஒன்றை ‘ஏ’ என்றே அழைத்தமையால் குழப்பம் மேலும் கூடுகிறது. ‘ஏ வரிசைக்கு உறுப்பு’ என்று கேட்பவர் பிரிட்டிஷ் ஏ வரிசையைக் கருதினாரா, ஜப்பானிய ஏ வரிசையைக் கருதினாரா? ஒலி ஒத்து இனம் வேறான சொற்களை ஓரினமாக்கி ஏமாறும் சொல்லாராய்ச்சியாளரின் இடர் இதுவே.

இந்நான்கு வகையில் முதல் வகை மட்டுமே மதிப்புடையது, ஏனையவை கழிக்கத் தக்கவை என்று நாம் கருதவில்லை. தொல்காப்பியரும் நான்கினையும் செய்யுட்கு உரியவை என்றே கொண்டார். வேண்டுவது ஒன்றுதான்: எது எவ்வகை என்று அறிந்து பதிவு செய்தல். நம் நாட்டில் இது சட்டத்தோடும் தொடர்புடையது. சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவில் இயந்திர எண்ணும் உண்டு. பதிவில் ஓரெண்ணும் வண்டியில் வேறெண்ணும் இருப்பின், உரிமை மாற்றும் நாளில் வண்டி நின்றுவிடும். தந்தை வைத்திருந்த வண்டியை மகன் தன் பெயருக்கு மாற்ற இயலாமல் நிற்பது உணர்ச்சியளவில் சிறிய இழப்பன்று.

இனி நாம் தொடக்கத்தில் சொன்ன பெயரிடும் இடருக்கு வருவோம். தொழிற்கல்வி பயிலும் நம் மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மலாய்ப் பாடநூலில் வால்வு ‘இன்ஜாப்’, பிஸ்டன் ‘ஓம்போ’. பட்டறையில் முதலாளி வால்வு, பிஸ்டன் என்றே சொல்கிறார். பிரிட்டிஷ் கையேட்டில் ‘கட்ஜன் பின்’ என்றிருப்பது அமெரிக்கக் கையேட்டில் ‘ரிஸ்ட் பின்’ ஆகிறது. ‘சைலன்சர்’ என்பது ‘மஃப்ளர்’ ஆகிறது. இத்தனைக்கும் நடுவே தமிழ் அவருக்கு என்ன தருகிறது?

நல்லவை சிலவற்றைத் தருகிறது. வால்வுக்கு ‘ஓரதர்’ என்றொரு சொல் உண்டு. அதர் என்பது வழி. ஒருபுறம் மட்டும் செல்லவிடும் வழி ஓரதர். சொல்லைக் கேட்ட அளவில் தொழில் விளங்குகிறது. வளைந்து வளைந்து செல்லும் கிராங்க் தண்டுக்கு ‘வணரி’ என்பர். வணர்தல் என்றால் வளைதல். இவை பழஞ்சொல்லிலிருந்து பிறந்து புதுப்பொருளைத் தாங்கும் சொற்கள்.

இடர் தரும் சொல்லும் உண்டு. பிஸ்டனுக்கு ‘உந்துதண்டு’ என்று நம் சொல்தொகுப்புகள் சில கூறுகின்றன. ஏ வரிசை இயந்திரத்தைத் திறந்து பாருங்கள். அங்கே பிஸ்டன் இருக்கிறது. வால்வை இயக்குதற்காகக் கீழிருந்து மேலே உந்தும் மெல்லிய தண்டுகள் எட்டு இருக்கின்றன. பட்டறையில் அவற்றுக்குப் ‘புஷ் ராடு’ என்று பெயர். அவற்றைத் தமிழில் சொல்லப் புகுந்தால் உந்துதண்டு என்றுதான் வாயில் வரும். பிஸ்டனோ தண்டு வடிவிலேயே இல்லை. குவளையைக் கவிழ்த்தாற்போல் இருக்கிறது. ‘உந்துதண்டு வளைந்துவிட்டது’ என்று ஒருவர் எழுதினால் எதை மாற்றுவது? புஷ் ராடு எனில் சிறு செலவு. பிஸ்டன் எனில் இயந்திரத்தையே பிரிக்க வேண்டும். அகராதியில் அமைதியாக இருந்த சொல், பணிமேசையில் இரண்டு பொருளுக்கு நடுவே நின்றுவிடுகிறது. ஒரு பொருளை அதன் பக்கத்துப் பொருளிலிருந்து பிரித்துக் காட்டாத சொல்லைக் கலைச்சொல் என்று ஏற்பது கடினம்.

இதனால் தமிழில் கலைச்சொல் ஆக்குதலே வீண் என்று கொள்ளற்க. கோயம்புத்தூரில் ஜி. டி. நாயுடு இளமையில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, மீண்டும் பூட்டியே இயந்திரக் கல்வி பெற்றார் என்பர். அவர் பெயர் தாங்கிய குடும்பத்தார் அந்நகரில் 2015இல் பழைய மகிழுந்துகளுக்கென ஓர் அருங்காட்சியகமும் திறந்தனர். கலைச்சொல் ஆக்குவோரும் அவர் வழியையே கொள்ள வேண்டும் என்பது நம் வேண்டுகோள். முதலில் கழற்றிப் பார்த்தல், அடுத்து, பட்டறையில் வழங்கும் சொல்லைக் கேட்டல், அதன்பின் பெயரிடல். மரை, புரி, நூல் போன்ற சொற்கள் ஏற்கெனவே நம்மிடம் உள்ளன. பிஸ்டன், கார்ப்பரேட்டர் என்பன போல எல்லார்க்கும் விளங்கும் கடன்சொல் இருப்பின், அதனைத் தமிழ் எழுத்தில் ஏற்பதிலும் இழுக்கில்லை. பிறமொழிச் சொல்லைத் தமிழ் எழுத்துக்கு இயைய ஏற்கும் நெறியைத் தொல்காப்பியரே வகுத்திருக்கிறார்.

இப்பணிக்குக் காலம் மிகுதியாக இல்லை. மோரிஸ் மைனரின் உற்பத்தி 1970களின் தொடக்கத்தோடு நின்றது. அதனைப் புதிதாகக் கண்டு பழுது பார்த்த கைகள் இன்று எழுபதும் எண்பதும் கடந்த கைகள். இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே ‘இது வால்வு இடைவெளி’, ‘இது தாங்கி தேய்ந்த ஒலி’ என்று பிரித்தறியும் அப்பெரியோர், அவ்வோசைகளுக்குத் தனித்தனிச் சொற்கள் வைத்திருக்கின்றனர். அச்சொற்கள் எந்த அகராதியிலும் இல்லை. உலோக உறுப்பாவது துருப்பிடித்தேனும் கிடக்கும். எழுதாத சொல் சொன்னவரோடு போய்விடும்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு பணியை ஒப்படைக்க விரும்புகிறோம். உங்கள் மாணவர்களை ஊரிலுள்ள மூத்த பட்டறைக்காரர் ஒருவரிடம் அனுப்புங்கள். ஓர் உறுப்புக்கு ஓர் அட்டை எழுதட்டும். முதல் வரியில் உறுப்பின் மீது காணும் எண்ணும் எழுத்தும் கண்டவாறே இருக்கட்டும்; தெளிவில்லாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல் வெற்றிடமாக விடட்டும். அடுத்து, அவ்வெண் வார்ப்பில் புடைத்ததா, பின்னர் குத்தியதா, தகட்டில் உள்ளதா என்னும் குறிப்பு. அடுத்து அளவு. அடுத்து அது செய்யும் தொழில், ஒரே வாக்கியத்தில். இறுதியாகப் பெயர்கள்: பெரியவர் சொன்ன பெயர் அவர் ஒலித்தபடியே, அதன்பின் மலாய்ப் பெயர், ஆங்கிலப் பெயர், சொல்தொகுப்பில் உள்ள தமிழ்ப் பெயர். சொல்தொகுப்புப் பெயரைப் பெரியவரிடம் சொல்லி, அது எந்த உறுப்பு என்று அவரையே சுட்டச் சொல்லுங்கள். அவர் சரியான உறுப்பின் மேல் விரல் வைத்தால் அச்சொல் தேறியது. வேறோர் உறுப்பின் மேல் வைத்தால், திருத்த வேண்டியது அவரையன்று, சொல்லை.

மாணவர்களே, பட்டறைக்குப் போகும்போது நீங்கள் கற்ற இலக்கணத்தை வாயிலில் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை. பகுபதத்தைப் பிரிக்கத் தெரிந்த உங்களுக்கு இயந்திர எண்ணைப் பிரிக்கத் தெரியும். பாடவேறுபாடு கண்ட உங்களுக்கு மாற்றிய உறுப்பைக் கண்டுகொள்ளத் தெரியும். நூறு அட்டைகள் சேர்ந்தால் ஒரு வட்டாரத்தின் சொல்தொகுப்பு ஆகும். அதனை இம்மன்றம் அச்சிட்டுப் பள்ளிகளுக்கு வழங்க வேண்டும் என்று நிர்வாகத்தாரை இவ்வவையின் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறோம்.